இருபத்தோரு கியரும் ஒரு புடவையும்

சைக்கிள் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்ட அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மந்தைவெளியில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில்.

மாலை, சந்தனம், குங்குமம், கற்பூரம் — ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அதற்கப்புறம் அங்கே நடந்ததை நினைத்தால், இப்போதும் தெருமுனையை விட்டுவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த சைக்கிள் யாருக்கு, எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். யாருக்கு? என் மனைவி கோமதிக்கு. எதற்கு? வேலைக்குப் போக.

மகள் படிப்பை முடித்து பெங்களூரு போன கையோடு, கோமதிக்கு அடையாறில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்தது. இருபத்தேழு வருடம் என்னையும் வீட்டையும் கட்டி மேய்த்ததற்குப் பிறகு கிடைத்த வேலை. பகுதி நேரம். சம்பளம் சுமார்தான். ஆனால் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குக் கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

காலை எட்டு மணிக்கு நூலகத்தைத் திறக்க வேண்டும். மணி அடிப்பதற்கு முன்பே புத்தகம் எடுக்கப் பிள்ளைகள் வந்து நிற்பார்களாம். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள்; சரிப்பட்டு வந்தால்தான் வேலை நிரந்தரம்.

இதில் சரிப்பட்டு வராத ஆள் நான்தான். ஏனென்றால் நான்தான் டிரைவர்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று, மூன்றரை கிலோமீட்டர். ஸ்கூட்டரில் பத்துப் பதினைந்து நிமிஷம். கோமதி ஏழே காலுக்கே புடவை கட்டி, பையை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். நான் உள்ளேயிருந்து “ரெண்டு நிமிஷம்” என்பேன். இந்தப் பத்தியை வாரா வாரம் எத்தனை மணிக்கு அனுப்புகிறேன் என்று எங்கள் பத்திரிகை உதவி ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். என்னுடைய இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

முதல் மாதத்திலேயே மூன்று தடவை லேட். மூன்றாவது தடவை தலைமை ஆசிரியை கூப்பிட்டிருக்கிறார். திட்டவில்லை. “பிள்ளைங்க பூட்டின கதவு முன்னாடி நிக்கிறாங்க மேடம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்” என்று மட்டும் சொன்னாராம்.

கோமதி இதை என்னிடம் சொன்னபோது கோபப்படவே இல்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போய்ப் பார்த்தாள். பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிய நாளிலிருந்து எந்த பஸ் எந்த வழியாக வளைந்து போகும் என்பது அன்றன்றைக்குத் தெரிய வேண்டிய சமாசாரம். ஆட்டோ? ஆப்பில் ‘மூன்று நிமிடம்’ என்று காட்டும். கால் மணி நேரம் அதே மூன்று நிமிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படியே வந்தாலும், தினமும் ஆட்டோ என்றால் சம்பளத்தில் பாதி ஆட்டோக்காரருக்கு.

ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளலாம்தான். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன். ஆக்சிலேட்டரைத் திருகியவள் நேராக அபார்ட்மென்ட் செகரட்டரியின் காரில் போய்த்தான் நின்றாள். செகரட்டரி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் தன் கார் கதவைத்தான் பார்க்கிறார்.

அப்போதுதான் கோமதி கேட்டாள்.

“சைக்கிள்னா நான் ஓட்டுவேங்க. விருதுநகர்ல ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் சைக்கிள்லதான் போனேன். ஒண்ணு வாங்கிக் கொடுங்க. நானே போய்க்கிறேன்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு சைக்கிள். அடுத்த தெருவில் போய் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும்… இருந்தேனா?

ஆராய்ச்சியில் இறங்கினேன். ஒரு வாரம் யூடியூபே கதி. ‘புதிதாக சைக்கிள் வாங்குகிறீர்களா? இந்தத் தவறைச் செய்யாதீர்கள்’ என்ற தலைப்பில் மட்டும் எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் தெரியுமா? அத்தனையையும் பார்த்தேன். அவர்கள் யாருக்கும் தோன்றாத தவறைச் செய்யத்தான் அவ்வளவு உழைப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சைக்கிளில் இப்போது சாதி சமயம் மாதிரி ஏகப்பட்ட பிரிவுகள். மவுன்டன் பைக் — தடித்த டயர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், மலையில் ஓட்டுவதற்கு. மந்தைவெளியில் மலை ஏது என்று யோசித்தேன். ஜன்னலைத் திறந்து, தோண்டிக் குவித்திருந்த மண்ணைப் பார்த்ததும் நியாயம்தான் என்று பட்டது. அடுத்தது ரோடு பைக் — டயர் இரண்டு விரல் அகலம்தான். ஹேண்டில்பார் ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். வயிற்றை மடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். என் வயிறு மடிகிற கட்டத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. மூன்றாவது ஹைப்ரிட் — அதிலும் பாதி, இதிலும் பாதி.

கவனித்தீர்களா? சைக்கிள் கோமதிக்கு. மடியாத வயிறு என்னுடையது. நான் அப்போது கவனிக்கவில்லை.

வீடியோவின் கடைசியில் நான்காவதாக ‘சிட்டி பைக்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். முன்னால் கூடை, செயினுக்கு முழு மூடி, தாழ்ந்து வளைந்த ஃபிரேம். பார்க்க ரொம்ப சாதுவாக இருந்தது. ஸ்கிப் பண்ணிவிட்டேன்.

பட்ஜெட் ஆறாயிரம் என்று முடிவு செய்து, நிபுணர் கருத்துக்காக ஆதம்பாக்கம் பாஸ்கருக்கு போன் போட்டேன். பாஸ்கர் என் காலேஜ் நண்பன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உடம்போடு ஒட்டின டிராயர் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுகிற கோஷ்டியைச் சேர்ந்தவன். முப்பது கிலோமீட்டர் மிதித்துப் போய் இரண்டு பிளேட் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். மூன்று வருடமாக அவன் எடை ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“ஆறாயிரமா?” என்றான். “மச்சி, அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட்டும் பூட்டும் வாங்கிட்டு நடந்து போ.”

பன்னிரண்டு என்றேன். “பிரேக் ஒழுங்கா பிடிக்க வேணாமா?” என்றான். பிரேக் என்றதும் எனக்கு அடையாறு சிக்னல் கண்ணில் வந்தது. பதினெட்டு என்றேன். “இன்னும் கொஞ்சம் போட்டா டிஸ்க் பிரேக். இருபத்தோரு கியர். பாலம் ஏறணும்ல?” என்றான். அடையாறு ஆற்றுப் பாலம் ஏற வேண்டும்தான். இருபத்தாறாயிரத்தில் வந்து நின்றோம். நான்கு நிமிஷ போன் பேச்சில் இருபதாயிரம் ரூபாய் ஏறுவதை, மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவார்த்தையில்தான் பார்த்திருக்கிறேன்.

மனைவியின் பாதுகாப்புக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்டாட்டிக்கு என்று சொல்லிவிட்டால் ஆண்பிள்ளை எதையும் வாங்கலாம்… வீட்டில் நாற்பது வாட் ஸ்பீக்கர் வந்ததும் கோமதி சுப்ரபாதம் கேட்பதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தி.நகர் போனோம். போய்ச் சேரவே நாலு மணி. திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்துகிற பெரிய சைக்கிள் கடை. அண்ணாச்சி நிதானமான மனிதர். வரிசையாக எடுத்துக் காட்டினார். பாஸ்கர் ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கி எடை பார்த்தான். நான் கியரை டக் டக்கென்று மாற்றிப் பார்த்தேன். கோமதி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஹேண்ட்பேக்கோடு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு மவுன்டன் பைக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு ஒட்டிவிட்டது.

“கோமதி, உனக்கு என்ன கலர் வேணும்?” என்று கேட்டேன். பெருந்தன்மையாகத்தான் கேட்டேன்.

“நீலம்” என்றாள்.

“நீலம் அடுத்த வாரம்தான் வரும் சார். கறுப்பு இருக்கு, கிளிப்பச்சை இருக்கு” என்றார் அண்ணாச்சி.

“பச்சையே போட்டுடு மச்சி. டிராஃபிக்ல தூரத்துலேருந்து தெரியும். சேஃப்டி” என்றான் பாஸ்கர்.

பச்சையானது. அண்ணாச்சி பில் புத்தகத்தை எடுப்பதற்கு முன் ஒன்று சொன்னார்.

“அக்கா ஒருக்க ஏறி ஓட்டிப் பாக்கட்டும் சார். பின்னாடி தெரு காலியாத்தான் கெடக்கு.”

உத்தமமான யோசனை. அந்த ஒரு யோசனையைக் கேட்டிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு என்ன ஆரம்பிக்கும்? ராகு காலம்.

இருங்கள், சிரிக்காதீர்கள். இதே பத்தியில் ராகு காலத்தைக் கிண்டல் பண்ணி மூன்று முறையாவது எழுதியிருக்கிறேன். எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் இருபத்தாறாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நாலு இருபதுக்கு நிற்கும்போது, நம்பிக்கை இல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

“மணி நாலு இருபது…” என்று இழுத்தேன்.

அண்ணாச்சி சட்டென்று புரிந்துகொண்டார். “ஆமால்லா, ராகு காலம் வந்துரும்லா. அப்ப மொதல்ல பில்லைப் போட்ருவோம் சார்.”

ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. நாலு இருபத்தெட்டுக்கு பில் கையில். ஸ்டாண்ட், மணி, மட்கார்டு, பூட்டு எல்லாம் தனியாம். கேரியர் போட்டால் லுக் போய்விடும் என்று பாஸ்கர் சொல்லிவிட்டான். ராகு காலத்தை ஜெயித்த சந்தோஷத்தில் மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டோம். நான்காவது ஆள் ஸ்டூலிலிருந்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

குட்டி யானை லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றி மந்தைவெளி கொண்டுவந்து, ஆறு மணிக்கு மேல் பிள்ளையார் கோயில். கார், புல்லட் எல்லாம் பார்த்துப் பழகிய குருக்கள் சைக்கிளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. “இதுவும் வாகனந்தானே” என்றார். டூ வீலர் ரேட்டே வாங்கினார். சக்கரம் இரண்டுதானே, நியாயம்தான்.

பூஜை முடிந்தது. பழம் வைத்தாயிற்று. “ஓனர் யாரு, அம்மாதானே? ஏறிண்டு மெதுவா பழத்து மேல ஏத்துங்கோ” என்றார்.

கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றாள். ஹேண்டிலைப் பிடித்தாள். நின்றாள்.

நடுக் கம்பி அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சீட் அதற்கும் மேலே. ஆறு கஜம் புடவை. காலை எந்தப் பக்கமாகத் தூக்கி எந்தப் பக்கமாகப் போடுவது? சைக்கிளைச் சாய்த்துப் பார்த்தாள். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதற்கு மேல் தூக்க முடியாது, சந்நிதி வாசல். அர்ச்சனை முடித்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு இளம் ஜோடி செல்போனை எடுத்தது.

வாசலில் பூ விற்கிற அம்மா ஒரு முழம் அளந்துகொண்டே சொன்னார்: “அய்ய, நடுவுல கம்பி கீதே சார். புடவ கட்டிக்கினு எப்டி ஏறும் அது?”

ஒரு வார ஆராய்ச்சி. இருபது வீடியோ. ஈ.சி.ஆர். நிபுணர். தினமும் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு சைக்கிள் வாங்குகிறோம் என்பது இதில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு விநாடி போதுமாக இருந்தது.

நல்ல நேரம் போகிறது என்று குருக்கள் அவசரப்படுத்த, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். முன் பழம் நசுங்காமல் நழுவிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. பின் பழம் நசுங்கியது. “ஒண்ணு நசுங்கினா போறும்” என்றார் குருக்கள். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன் — தப்பு நம்முடையதாக இருக்கும்போது எரிச்சல் தானாக வந்துவிடும்.

“கடையிலேயே சொல்லியிருக்கலாமே கோமதி?”

“என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என்ன கலர்னு கேட்டீங்க. நீலம்னு சொன்னேன். பச்சை வாங்கினீங்க.”

சொல்லிவிட்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். நான் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் என்னை எழுப்பவே இல்லை. ஆறே முக்காலுக்கே கிளம்பி ஆட்டோ பிடித்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடக் கேட் திறப்பதற்கு முன்பே போய், வெளியே நின்றிருக்கிறாள். “பரவால்ல, லேட்டா போறதுக்கு இது தேவலை” என்றாள். ஆனால் அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பீரோவிலிருந்து அந்த லெட்டரை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். “ஆட்டோவுக்கே போயிடுதுங்க. இப்படி எத்தனை நாள்? பேசாம நானே நின்னுடட்டுமா?” என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. வெட்கமாகவும் இருந்தது. அவளுக்கு வேலை கொடுத்தது யாரோ. அதைப் பிடுங்கப் போவது நான்.

புதன்கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைதாப்பேட்டைக்குக் கிளம்பினோம். மார்க்கெட் பக்கம் மணி என்று ஒரு மெக்கானிக், எந்த சைக்கிளையும் எப்படியும் மாற்றிக் கொடுப்பார் என்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்லியிருந்தார். என்னுடைய திட்டம் எளிமையானது: நடுக் கம்பியை வெட்டி எடுத்துவிடுவது.

நான் சைக்கிளில் போனேன். கோமதி பஸ்ஸில் வந்தாள். இருபத்தோரு கியரையும் மாற்றி மாற்றிப் போட்டும் என் மூச்சு ஒரே கியரில்தான் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது கோமதி கடை வாசலில் உட்கார்ந்து பாதி டீ குடித்திருந்தாள்.

“இன்னா சார், வண்டி பளபளன்னு கீது, உன் மூஞ்சிதான் பஞ்சரா கீது” என்றார் மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

திட்டத்தைச் சொன்னேன். கம்பியைத் தடவிப் பார்த்தார்.

“இத்த வெட்டினா வண்டி ரெண்டாப் பூடும் சார். முன்னாடி சக்கரம் அடையாறு போவும், பின்னாடி சக்கரம் இங்கயே கெடக்கும். யாருக்கு சார் வண்டி?”

“வீட்டம்மாவுக்கு.”

“அப்ப நீ இன்னாத்துக்குப் பேசிக்கினு கீற?” என்று சொல்லிவிட்டு, கோமதி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். “அக்கா, நீ சொல்லு. எங்க போவணும்? இன்னா எடுத்துக்கினு போவ? பொடவையா, சுடிதாரா?”

கோமதி சொல்ல ஆரம்பித்தாள். இவ்வளவு சொல்வதற்கு அவளிடம் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புடவைதான், பள்ளிக்கூடத்தில் அதுதான் வழக்கம். தினமும் கிழிந்த புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டை ஒட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், கனம். இடது முழங்கால் படி ஏறினால் வலிக்கும். பாலத்தில் ஏறும்போது மிதிக்க முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் அவளுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் படவேண்டும். வேகம் தேவையில்லை. எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் போதும்.

முழங்கால் வலி எனக்குப் புதுச் செய்தி. கல்யாணமாகி இருபத்தேழு வருடம்.

மணி உள்ளே போய், ஏழெட்டு வண்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை உருவிக்கொண்டு வந்தார். கூடை, கேரியர், செயினுக்கு முழு மூடி. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க வலை. கியர் கிடையாது. நான் யூடியூபில் ஸ்கிப் பண்ணிய அதே சாது. இரண்டு டயரும் பிரேக் கட்டையும் புதிதாகப் போட்டு நாலாயிரம் என்றார்.

“ஏறிக் குந்து அக்கா. கால் தரைல படுதா பாரு.”

சீட்டை இரண்டு தடவை இறக்கினார். கால் பட்டது. கோமதி பெடலில் கால் வைத்தாள். ஒரு தள்ளாட்டம், இரண்டு தள்ளாட்டம், ஒரு தண்ணிக் குடத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு வளைவு… தெருமுனையில் திரும்பிப் போயே போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம். ஆளைக் காணோம். பத்து நிமிஷம். எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருடமாக சைக்கிளைத் தொடாதவள். மார்க்கெட் நேரம், பஸ், ஆட்டோ, மாடு.

“நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றேன்.

“கம்முனு குந்து சார். பிரேக் நல்லா கீது” என்றார் மணி.

வந்தாள். முகம் முழுக்க வேர்வை, சிரிப்பு. கூடையில் இரண்டு கட்டு முளைக்கீரை.

“அங்க ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு” என்றாள்.

வியாழக்கிழமையிலிருந்து ஞாயிறு வரை தினமும் விடிந்ததும் தெருவில் பழகினாள். ஒரு தடவை விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்பு. என்னைக் கிட்ட வரவேண்டாம் என்று கை காட்டிவிட்டு அவளே எழுந்தாள். பாஸ்கர் ஒரு நாள் வந்து பார்த்து, “சிங்கிள் ஸ்பீடா? இப்போ ஃபாரின்ல இதான் ஃபேஷன்” என்றான். நிபுணர்களைத் தோற்கடிக்கவே முடியாது.

பச்சை சைக்கிள்? அதை யாருக்காக வாங்கினேன் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன். என் பெயரில் ஹாலில் நிற்கிறது. டவல் காய்கிறது.

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்குக் கோமதி கிளம்பினாள். நானும் குளித்து ரெடி. ஆமாம், ஏழு இருபதுக்கு. யாரும் எழுப்பாமல். “பின்னாடி வராதீங்க, எனக்கு டென்ஷனாகும்” என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பியதும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

கிரீன்வேஸ் ரோடு வரை இடதுபக்க ஓரமாக அழகாகப் போனாள். பாலம் ஏறும் இடத்தில் வேகம் குறைந்தது. இறங்கிவிட்டாள். தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பஸ் அவளை ஒட்டி வருகிற மாதிரி இருந்தது. ஸ்கூட்டரைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, பஸ்ஸை நோக்கிக் கையைக் காட்டினேன். பஸ் பிரேக் போட்டது. பின்னால் இன்னொரு பஸ், நாலு ஆட்டோ, ஒரு தண்ணி லாரி. அத்தனையும் ஹாரன்.

கோமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். மேடு முடிந்ததும் ஏறி உட்கார்ந்து, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, இறக்கத்தில் மிதிக்காமலே அடையாறு பக்கம் போய்விட்டாள். அவள் முந்தானை தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் காலையில் என் பின்சீட்டில் அவள் உட்காரப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதினைந்து நிமிஷப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதும்.

டிராஃபிக் கான்ஸ்டபிள் ஓடி வந்தார். இளைஞர்.

“பாலத்து மேல வண்டிய இப்படியா சார் நிறுத்துவீங்க? என்ன பிரச்சனை?”

“அதோ சைக்கிள்ல போறாங்களே… என் ஒய்ஃப். இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா போறாங்க. பஸ் இடிச்சிடக் கூடாதேன்னு…”

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

“அவங்க நல்லாத்தான சார் போறாங்க. நீங்க எதுக்கு நடுவுல நிக்கிறீங்க?”

ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி வழிவிட்டேன். அன்றைக்கு நூலகக் கதவு ஏழு ஐம்பதுக்குத் திறந்தது. போன வெள்ளிக்கிழமை கோமதியின் வேலை நிரந்தரமானது. பீரோவில் பிளாஸ்டிக் கவர் இப்போது இரண்டு.